எஞ்சின் கணினியை வாசிக்கும் கருவியை நம் பிள்ளைகளே செய்யட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாகனத்தின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ வாழும் உரிமையாளருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய் ஸ்கேன் செய்து வருமாறு சொல்லப்படும். இல்லையேல், இந்தச் சென்சரை மாற்றிப் பார்ப்போம், சரிவராவிட்டால் அடுத்ததை மாற்றுவோம் என்று சொல்லப்படும். முதலாவது வழியில் ஒரு நாள் உழைப்பும் எரிபொருளும் போகின்றன. இரண்டாவதில் பழுதடையாத பாகங்களுக்காகப் பணம் போகின்றது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியோ, தான் அறிந்ததைக் கேட்பவருக்குச் சொல்ல எப்போதும் ஆயத்தமாக, ஸ்டியரிங்கிற்குக் கீழுள்ள இணைப்பியின் மறுமுனையில் இருக்கின்றது. அதனிடம் கேட்பதற்கான கருவியை நம் ஊர்களிலேயே, நம் பிள்ளைகளின் கையாலேயே செய்துகொள்ள முடியும் என்பதையும், செய்துகொள்வது அவசியம் என்பதையும் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஹட்டன் கல்வி வலயத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பொறியியற் தொழினுட்பம் கற்பிப்பவன். என்னிடம் படித்த பிள்ளைகளுட் சிலர் இன்று கராஜ்களில் வேலை செய்கிறார்கள். சிலர் பாடசாலை வேன்களும் முச்சக்கர வண்டிகளும் ஓட்டிப் பிழைக்கிறார்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் நம் மலைப்பாதைகளில் ஓடியவை பழைய வேன்களும் கார்களுமே. இன்றும் பெருமளவில் ஓடுபவை அவைதாம். பத்து, பதினைந்து, இருபது ஆண்டு வயதுடைய வாகனத்தை நம்பித் தொழில் நடத்தும் குடும்பத்துக்கு, தேவையற்று மாற்றப்படும் ஒரு சென்சர் என்பது அம்மாதத்து வருமானத்தின் பெரும்பங்கு.

கணினி என்றவுடன் நம்மவர்களிடம் ஒரு மலைப்பு ஏற்படுகின்றது. உண்மையில் அது செய்வது விளங்கிக்கொள்ள முடியாத வேலையன்று. குளிராக்கும் நீரின் வெப்பநிலை, உள்ளெடுக்கும் காற்றின் அழுத்தம் அல்லது அளவு, சுழற்சித் தண்டின் நிலை, புகையில் எஞ்சியுள்ள ஒக்சிஜன் ஆகியவற்றைச் சென்சர்கள் வழியாக அறிந்து, எவ்வளவு எரிபொருளைச் சிவிற வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி வர வேண்டும் என்பவற்றை அது தீர்மானிக்கின்றது. ஏதேனும் ஒரு சென்சரின் பெறுமானம் எல்லை தாண்டினால், ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட பிழைக்குறியைத் தன் நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டு விளக்கை எரியவிடுகின்றது.

இந்த நினைவகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை, காற்று மாசைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டங்களிலிருந்து வந்ததாகும். கலிபோர்னியா மாநிலம் 1988 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டை எளிய வடிவில் வேண்டியது. ஓபிடி-2 எனப்படும் பொது நியமம் 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இலும் டீசல் கார்களுக்கு அதன் பின்னரும் நடைமுறைக்கு வந்தது. புகை சம்பந்தப்பட்ட விவரங்களைத் தயாரிப்பாளரின் முகவர் மட்டுமன்றி எந்தத் தொழிலாளியும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்நியமத்தின் அடிப்படை. ஆகவே இணைப்பியின் வடிவமும், எந்த முள்ளில் எந்தச் சமிக்ஞை வர வேண்டும் என்பதும், எந்தக் கேள்விக்கு எந்த விதத்தில் பதில் வர வேண்டும் என்பதும் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டுள்ளன. இதில் எவருடைய இரகசியத்தையும் நாம் களவாடவில்லை என்பதைப் பெற்றோர்களுக்கும் அதிபர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்.

இணைப்பியில் 16 முட்கள் உள்ளன. நான்காவதும் ஐந்தாவதும் புவித்தொடுப்பு. பதினாறாவதில் மின்கலத்தின் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வெளிவந்த பல ஆசிய, ஐரோப்பிய வாகனங்களில் ஏழாவது முள்ளே பேசும் முள். அதற்கு 'கே-லைன்' என்று பெயர். மாணவர்கள் தொடங்குவதற்கு மிகவும் ஏற்றது இதுவே என்பது என் துணிபு. ஏனெனில் இதில் நடப்பவை அனைத்தையும் பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள சாதாரண உபகரணங்களைக் கொண்டே கண்ணால் காண முடியும்.

கே-லைன் என்பது ஒரேயொரு கம்பி. கேள்வியும் பதிலும் அதன் வழியாகவே போய்வருகின்றன. நம் மலைநாட்டு ரயில் பாதை ஒற்றைத் தண்டவாளமாக இருப்பதால் ஒரு வண்டி கடக்கும்வரை எதிர்வண்டி நிலையத்தில் காத்திருப்பது போல, ஒருவர் பேசி முடித்து, குறித்த இடைவெளியும் கடந்த பின்னரே மற்றவர் பேசலாம். யாரும் பேசாதபோது அக்கம்பி மின்கல வோல்ட்டளவில் இருக்கும்; நமது கருவியினுள் 510 ஓம் தடையி ஒன்று அதை மேலே இழுத்துப் பிடித்திருக்கும். பூச்சியத்தை அனுப்ப வேண்டுமானால் திரான்சிற்றர் ஒன்றினால் கம்பியைப் புவிக்கு இழுக்க வேண்டும்; ஒன்றை அனுப்ப வேண்டுமானால் விட்டுவிட வேண்டும். மறுபக்கத்தில், எல்எம்393 போன்ற ஒப்பீட்டுச் சிப் ஒன்று கம்பியின் வோல்ட்டளவை மின்கல வோல்ட்டளவின் பாதியுடன் ஒப்பிட்டு, பூச்சியமா ஒன்றா என்பதை 5 வோல்ட் சமிக்ஞையாக மாற்றிக் கொடுக்கும். ஒரு திரான்சிற்றர், ஒரு ஒப்பீட்டுச் சிப், சில தடையிகள், பாதுகாப்புக்கு இருவாயியும் பியூஸும் என்பனவே இக்கருவியின் உடல். இவை எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கிய எல்9637டி என்னும் பாகமும் கிடைக்கின்றது. ஆயினும் முதற்கருவியைத் தனித்தனிப் பாகங்களால் கட்டுவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கின்றது என்று பிள்ளை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது வாகனத்தின் மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலும் போகும். மோட்டர்களும் ரிலேக்களும் நிற்கும் கணங்களில் அதைவிடப் பன்மடங்கு உயரும் குத்துகளும் தோன்றும். அர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையின் 5 வோல்ட் முனையை இந்தக் கம்பியுடன் நேரடியாகத் தொடுத்தால் பலகை எரிந்துபோகும். அதனுடன் இணைந்துள்ள மடிக்கணினியும் தப்பாமற் போகலாம். ஆகையால் மேற்சொன்ன சுற்றுக்கும் அப்பலகைக்கும் இடையில், சமிக்ஞையை ஒளியாக மாற்றிக் கடத்தும் ஒப்டோகப்ளர்களை வைப்பதை நான் விருப்பத்துக்குரியதாகக் கருதவில்லை, கட்டாயம் என்றே மாணவர்களிடம் சொல்லுகிறேன். கே-லைனின் வேகம் செக்கனுக்கு 10,400 பிட்டுகள், அதாவது ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 96 மைக்ரோசெக்கன் என்பதால், தடையிகளைச் சரியாகத் தெரிவுசெய்தால் மலிவான ஒப்டோகப்ளரே போதும்.

கணினியை எழுப்பும் முறைதான் இதில் மாணவர்களை மிகவும் ஈர்ப்பது. ஐஎஸ்ஓ 9141-2 என்னும் நியமத்தின்படி, 33 என்ற பதினறும எண்ணை (16 ஐ அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதப்படுவது) முதலில் மிகமிக மெதுவாக, செக்கனுக்கு 5 பிட்டுகள் வீதம் அனுப்ப வேண்டும். தொடக்கப் பிட்டையும் முடிவுப் பிட்டையும் சேர்த்துப் பத்துப் பிட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிசெக்கன். ஆக இரண்டு செக்கன். கம்பியுடன் ஓர் ஒளிகாலும் இருவாயியைத் தொடுத்துவிட்டால், அந்த அழைப்பு விட்டுவிட்டு ஒளிர்வதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். அழைப்பைக் கேட்ட எஞ்சின் கணினி, 10,400 வேகத்தில் 55 என்ற எண்ணை முதலில் அனுப்புகின்றது. கேட்பவர் தன் வேகத்தைச் சரிபார்த்துக்கொள்ள அது உதவும். அதன்பின் தான் பேசும் மொழிவகையைக் குறிக்கும் இரு எண்களை அனுப்புகின்றது. இரண்டாவது எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் தலைகீழாக்கி நாம் திருப்பி அனுப்ப வேண்டும்; கணினியும் நாம் அழைத்த 33 ஐத் தலைகீழாக்கி, அதாவது பதினறுமத்தில் சிசி என்று அனுப்பி, உரையாடலைத் தொடங்கி வைக்கும். துவித எண்ணைத் தாளில் மட்டும் தலைகீழாக்கிப் பழகிய ஒரு மாணவி, தான் திருப்பிய எண்ணைக் கேட்டு ஒரு வேனின் எஞ்சின் கணினி மறுமொழி சொல்வதைக் காணும்போது அவள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் உள்ள எந்தச் செய்முறையும் அதற்கு ஈடாகாது.

அதன் பின்னர் கேள்விகள். எஞ்சினின் சுழற்சி வேகம் வேண்டுமானால், தலைப்புப் பைட்டுகளை (ஒரு பைட் என்பது எட்டுப் பிட்டுகள்) அடுத்து 01, 0சி என்ற இரு எண்களையும், இறுதியில் எல்லாவற்றினதும் கூட்டுத்தொகையின் கடைசிப் பைட்டையும் அனுப்ப வேண்டும். பதிலில் இரண்டு பைட்டுகள் வரும். முதலாவதை 256 ஆற் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நான்கால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும்; 11 உம் 184 உம் வந்தால் 3000, நான்கால் வகுக்க 750. குளிர்நீரின் வெப்பநிலைக்கு 0சி இன் இடத்தில் 05 என்று கேட்க வேண்டும். வரும் எண்ணிலிருந்து 40 ஐக் கழித்தால் பாகை செல்சியஸ். ஒரே கம்பியாதலால் நாம் அனுப்பியது நமக்கே எதிரொலியாகத் திரும்பி வரும் என்பதையும், அதை நிரல் முதலில் அகற்றிவிட வேண்டும் என்பதையும், ஐந்து செக்கன் எதுவும் கேட்காதிருந்தால் கணினி உரையாடலை முடித்துக்கொள்ளும் என்பதையும் கற்றுக்கொண்டால், நிரலின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம்.

புதிய வாகனங்களில் கே-லைனின் இடத்தை 'கேன்' எனப்படும் இருகம்பி முறை பிடித்துவிட்டது. அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அதுவே கட்டாயம். ஆறாவது, பதினான்காவது முட்களில் அது வருகின்றது. அதற்குத் தனிச் சிப்புகள் தேவை. அவை மலிவாகவே கிடைக்கின்றன. கேள்விகளும் சூத்திரங்களும் மாறுவதில்லை.

இவ்வளவு பாடுபடுவானேன், புளூடூத் கருவியொன்றைக் கடையில் வாங்கிக் கைபேசியுடன் இணைத்தால் ஆயிற்றே என்று சிலர் கேட்பர். வாங்குவோரைத் தடுப்பது என் நோக்கமன்று. ஆனால் அக்கருவிகளுட் பெரும்பாலானவை, கனடாவின் எல்ம் எலெக்ட்ரொனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஈஎல்எம்327 சிப்பின் நகல்கள். பிரதி எடுப்பதற்கு எதிரான காப்பு இல்லாமல் வந்த முதற்பதிப்பிலிருந்தே நகல் பரவத் தொடங்கியது. சந்தையில் பெருமையுடன் அச்சிட்டு விற்கப்படும் 1.5 என்ற பதிப்பை அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிட்டதில்லை. நகல்களிற் பல, சில கட்டளைகளை அறியாமலே அறிந்ததுபோல் விடை தருகின்றன. அதிலும் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உருவாகி, ரீகண்டிஷன் வாகனங்களாக நம்மிடம் வந்த பழைய வேன்களில் 16 முள் இணைப்பி இருந்தும் பொது நியமத்தின் அழைப்புக்கு அவை பதில் சொல்லாதிருப்பதுண்டு. அவற்றின் அழைப்பு எண்ணும் மொழியும் வேறானவை. வாங்கிய கருவி 'இணைக்க முடியவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். தானே கட்டியவன், கம்பியில் என்ன நடக்கின்றது என்று பார்த்து, அழைப்பை மாற்றி முயலுவான். நகரத்தில் ஒருவனாவது அவ்வாறு முயலத் தெரிந்தவனாக இருக்கட்டும் என்பதே என் ஆசை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. கருவி எண்களைத்தான் தரும். எண்களின் பொருள், வாகனம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. தாழ்நிலத்துக்கென எழுதப்பட்ட கையேடுகளை வைத்துக்கொண்டு மலைநாட்டு எஞ்சினுக்குத் தீர்ப்புச் சொன்னால் தவறு நேரும்.

வளிமண்டல அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். கொழும்பில் அது ஏறத்தாழ 101 கிலோபஸ்கால். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் 87 அளவிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 81 அளவிலும்தான் இருக்கும். சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட்டாமல் வைத்தால், உள்ளெடுப்புக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சர் வெளியழுத்தத்தையே காட்ட வேண்டும். நுவரெலியாவில் அது 81 என்று காட்டினால் சென்சர் சரியாக வேலை செய்கின்றது என்று பொருள். 101 என்று காட்டினாற்றான் ஐயப்பட வேண்டும். அதே 81 ஐப் பார்த்துவிட்டு, கையேட்டில் 100 க்கு அருகில் என்றல்லவா இருக்கின்றது என்று நல்ல சென்சரைக் கழற்றி எறிவது நடக்கக்கூடியதே. காற்று ஐந்திலொரு பங்கு குறைந்த இடத்தில், டேர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அதே விகிதத்தில் வலுவை இழப்பதும் இயற்கை. ரம்பொடை ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று பம்பையும் இன்ஜெக்டரையும் குற்றஞ்சாட்டுவதற்கு முன், இந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வெப்பநிலை. மலையேறும்போது எஞ்சின் சூடாகின்றது என்பதற்காக, எஞ்சின் சூடேறும்வரை குளிர்நீரின் ஓட்டத்தைத் தடுத்துவைக்கும் தேர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் வழக்கம் நம் பகுதிக் கராஜ்களில் இன்னும் இருக்கின்றது. அவ்வாறு கழற்றப்பட்ட வாகனத்தை நானுஓயாவின் காலைக்குளிரில் ஓட்டி, 05 என்ற கேள்விக்கு வரும் பதிலைக் குறித்துக்கொண்டு வந்தால், எண்பதைத் தாண்ட வேண்டிய வெப்பநிலை அறுபதுகளிலேயே நின்றுவிடுவதைக் காணலாம். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதும் கணினி, எரிபொருளைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும். பெற்றோல் அதிகம் குடிக்கின்றது என்று முறையிடும் உரிமையாளருக்கு, தேர்மோஸ்டாட் இல்லாமையே அதற்குக் காரணமாகலாம் என்பதை எந்தப் பேச்சையும்விட அந்த வரைபு தெளிவாக உணர்த்தும். முகப்புப் பலகையின் முள்ளை நம்பி இதை அறிய முடியாது. பல வாகனங்களில் அந்த முள் பரந்ததொரு வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. மறுபுறம், நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் கூடுவதாற் கொதிநிலை உயர்கின்றதாயினும், வெளியழுத்தம் குறைந்திருப்பதால் சில பாகைகள் இங்கே குறைவுதான். ஆகவே வட்டவளையைத் தாண்டி ஏறும் வேனின் உண்மையான வெப்பநிலையை ஓர் எண்ணாகக் காண்பது, இருபது பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கு அத்தியாவசியம்.

இறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது உயிர் சம்பந்தப்பட்டது. எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் நியூட்ரலில் விட்டு இறக்கும் சாரதிகள் நம்மிடையே இருக்கிறார்கள். கணினியுள்ள எஞ்சினில் உண்மை இதற்கு மாறானது. கியரில் இருக்க, காலை எக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு இறங்கும்போது, சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணைந்துவிடாமலிருக்க அது எரிபொருளைச் சிவிறியே ஆக வேண்டும். எஞ்சினின் தடுப்பும் இல்லாமற் போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறிப் பிடி தளரும். 03 என்ற கேள்விக்கு வரும் பதில் இதைக் காட்டும்: சமதரையில் சூடேறிய எஞ்சின் 2 என்ற எண்ணைத் தரும், எரிபொருள் நிறுத்தப்பட்ட இறக்கத்தில் அது 4 ஆக மாறும். ஏற்றத்தில் முழுமையாக மிதிக்கும்போதும் அதே 4 வரலாம் என்பதால், திராட்டிலின் நிலையைச் சொல்லும் 11 என்ற கேள்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாரதிகளுக்கு நாம் பலமுறை சொல்லியும் ஏறாத இந்த விடயம், கடுகண்ணாவை இறக்கத்தில் பதிவான இரண்டு வரைபுகளைக் காட்டினால் ஏறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கருவியின் பயனுக்கு ஒரு நிகழ்வைச் சொல்லுகிறேன். எங்கள் பாடசாலைக்கு மாணவர்களை ஏற்றிவரும் வேன் ஒன்றில் விளக்கு எரிந்தது. குளிரான காலைகளில் கறுப்புப் புகையும் வந்தது. வெளியூர்க் கராஜ் ஒன்றில் எஞ்சின் கணினியே பழுது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, உரிமையாளரால் எளிதிற் திரட்ட இயலாத தொகையைக் கேட்டிருக்கிறார்கள். மாணவர்கள் தாங்கள் கட்டிய கருவியைத் தொடுத்தபோது, குளிர்நீர் வெப்பநிலை சைபருக்குக் கீழே 40 பாகை என்று வந்தது, பிழைக்குறி பீ0118. இந்தச் சென்சரின் தடை, வெப்பம் கூடக் குறையும், வெப்பம் குறையக் கூடும். கம்பி அறுந்தால் தடை முடிவிலியாவதால், கணினி அதைக் கடுங்குளிர் என்றே வாசிக்கும். வரும் பைட் பூச்சியம், அதிலிருந்து 40 ஐக் கழித்தால் சரியாக அந்த எண். மலையகத்தின் எந்தப் பனியிலும் வராத குளிரைக் காட்டும் எண்ணே, கணினியை மாற்றுவதற்கு முன் சென்சரையும் அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. செருகியைக் கழற்றினால் ஈரத்தாற் பச்சை பூத்த முள். சுத்தம் செய்து இறுக்கியதும் எண் உயிர்பெற்று ஏறத் தொடங்கியது. வருடத்திற் பாதி மூடுபனியும் தூறலும் உள்ள நம் பகுதியில் இவ்வகைக் கோளாறு மிகப் பொதுவானது. ஊகத்தின்பேரிற் பாகம் மாற்றும் வழக்கத்தால் மிக அதிகமாக நட்டம் ஏற்படுவதும் இதனால்தான்.

கராஜ் நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். விளக்கை அணைப்பதற்காக, குறியைத் தாளில்கூட எழுதிக்கொள்ளாமல் அழித்துவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். 04 என்ற கட்டளை பிழைக்குறியை மட்டும் அழிப்பதில்லை. கோளாறு நிகழ்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, பாரம் முதலியவை என்னவாக இருந்தன என்று கணினி பதிந்துவைத்த விவரத்தையும், அது செய்து முடித்திருந்த தற்சோதனைகளின் பதிவையும் சேர்த்தே அழித்துவிடும். ஏற்றத்தில் மட்டும், சூடான பிறகு மட்டும் வரும் கோளாறைக் கண்டுபிடிக்க அந்தப் பதிவே சான்று. வாடிக்கையாளருக்குக் குறியையும் எண்களையும் முதலிற் காட்டுங்கள், எழுதிக் கொடுங்கள், அதன் பிறகே பாகத்தை மாற்றுங்கள். உங்கள் அனுபவத்துக்கு மாற்றாக நான் இக்கருவியை முன்வைக்கவில்லை. எஞ்சினின் ஒலியைக் கேட்டே குறையைச் சொல்லும் மூத்த பாஸ்மாரின் காதுக்கு எந்தக் கருவியும் நிகராகாது. அந்தக் காதும் இந்த எண்களும் ஒருங்கே சேர்ந்தால் நம் நகரங்களை விட்டு வாகனங்கள் வெளியே போக வேண்டியிராது.

பிள்ளைகளுக்குச் சில எச்சரிக்கைகள். கலப்பு (ஹைப்ரிட்) வாகனங்களின் செம்மஞ்சள் நிற வடங்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். பிரியஸ் போன்றவற்றின் மின்கலத் தொகுதியில் 200 வோல்ட் அளவுக்கு நேர்மின்னோட்டம் இருக்கின்றது, அது கொல்லும். இணைப்பியின் மற்ற முட்களில் காற்றுப்பை, பிரேக் முதலியவற்றின் கம்பிகள் இருக்கலாம் என்பதால், அறியாத முள்ளில் எதையும் தொடுக்காதீர்கள். வாசிப்பதோடு நிறுத்துங்கள், கணினிக்குள் எழுதும் வேலையில் இறங்க வேண்டாம். ஓடும் வாகனத்தில் திரையைப் பார்ப்பவர் சாரதியாக இருக்கக் கூடாது.

உயர்தரத்தில் தொழினுட்பத்துறை 2013 இல் அறிமுகமானது முதல், மலையகப் பாடசாலைகளிலும் அத்துறை படிப்படியாகத் தொடங்கப்பட்டு வருகின்றது. பாடத்திட்டத்தில் இலத்திரனியலும் இருக்கின்றது, மோட்டார் வாகனமும் இருக்கின்றது; இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே மாணவன் பரீட்சை எழுதி முடித்துவிடுகிறான். செயற்றிட்டமாக இந்த இடைமுகத்தைக் கட்டுமாறு சொன்னால் இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும். பாகங்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலிருந்து தபாலில் வந்துவிடும். ஓர் ஒக்சிஜன் சென்சருக்குச் செலவாகும் பணத்தில் வகுப்புக்கே போதுமான கருவிகளைக் கட்டலாம். ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையமும், மலைநாட்டு மாவட்டங்களில் மோட்டார் வாகனப் பயிற்சி நடத்தும் ஏனைய அரச நிலையங்களும், இதைத் தமிழ்மூலப் பயிற்சியில் ஓர் அலகாகச் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு, கராஜில் டயர் கழற்றும் வேலையோடு முடிந்துவிடாத ஒரு தொழிலை இது திறந்து கொடுக்கும்.

தங்கள் பத்திரிகையிடமும் எனக்கொரு கோரிக்கை உண்டு. இவ்விடயம் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கின்றது. தமிழில், அதிலும் நம் மலைப்பாதைகளின் உயரத்தையும் குளிரையும் கணக்கில் எடுத்து எழுதப்பட்டது எதையும் என்னால் மாணவர்களின் கையிற் கொடுக்க இயலவில்லை. வாரம் ஒரு பத்தியளவு இடம் ஒதுக்கினால், முதல் வாரத்தில் கே-லைன் சுற்றின் வரைபடத்தையும், அடுத்தடுத்த வாரங்களில் அழைப்பு முறை, கேள்விகளின் அட்டவணை, அர்டுயினோவுக்கான நிரல் ஆகியவற்றையும் தமிழ் விளக்கத்துடன் அனுப்பிவைக்கிறேன். வரைபடத்தின் அச்சளவு ஒரு பத்தியின் அகலத்துக்குள் அடங்குமாறு மாணவர்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறார்கள். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பொறியியற் தொழினுட்ப ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.